மலையும் மின்சாரமும் மக்களும்

பள்ளிவாசல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு இஸ்லாமியப் பெருமக்கள் தொழுகை நடத்தும் இடமே நினைவுக்கு வரும். இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால், மூணாற்றுக்கு அண்மையில் மலைச்சரிவில் அமைந்திருக்கும் ஓர் ஊர் அவர் மனக்கண்முன் தோன்றும். கேரள மின்வாரியத்தின் பொறியாளருக்கோ அது ஒரு நீர்மின் நிலையத்தின் பெயர். சொல் ஒன்றே, சொல்லப்படும் இடத்துக்கும் கேட்பவரின் வாழ்க்கைக்கும் ஏற்பப் பொருள் வேறாகின்றது.

இவ்வாறு பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை எப்படித் துணிவது என்ற வினாவுக்குத் தொல்காப்பியம் விடை கூறியிருக்கின்றது. வினை, இனம், சார்பு என்னும் மூன்றையும் கொண்டு துணியலாம் என்பது அந்நூலின் கருத்து. ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மா பூத்தது என்றால் மரம் என்று அறிகிறோம். இது வினையால் அறிந்தது. மாவும் பலாவும் வைத்தான் என்றால், உடன் நிற்கும் இனத்தைக் கொண்டு மரம் என்று அறிகிறோம். போர்க்கோலம் பூண்ட வீரன் ஒருவன், மா கொண்டு வருக என்று ஏவினால், அவன் கேட்பது குதிரையை என்பது அவன் நிற்கும் நிலையால் விளங்குகின்றது; இது சார்பால் அறிந்தது.

சொல்லுக்குக் கூறப்பட்ட இம்முறையைப் பொருளுக்கும் நாம் கையாளலாம். ஒரு கடிகாரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, துடைத்து, மீண்டும் பூட்டினால் அது முன்போலவே ஓடும். அதன் உறுப்புக்களை அறிந்தவர் கடிகாரத்தையும் அறிந்தவரே ஆவார். ஆனால் ஒரு காட்டையோ, ஓர் ஆற்றையோ, மக்கள் குடியிருக்கும் ஓர் ஊரையோ அவ்வாறு கழற்றிப் பூட்ட இயலாது. அங்கே ஒவ்வோர் உறுப்பும் மற்றவற்றோடு கொண்டுள்ள உறவினாலேயே இன்னதென்று ஆகின்றது. இத்தகையவற்றை அறிவதற்குக் கணக்கெடுப்பு மட்டும் போதாது. உறவுகளை அறிதல் வேண்டும். பள்ளிவாசல் மின்நிலையத்தையே சான்றாக வைத்துக்கொண்டு வினை, இனம், சார்பு என்னும் மூன்றையும் முறையே காண்போம்.

முதலில் வினை. நல்லதண்ணி, குண்டளை, முதிரப்புழை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலால் மூணாறு என்ற பெயர் உண்டாயிற்று. அவை கூடிய பின்பு முதிரப்புழை என்ற பெயரோடு ஆறு மேற்கு நோக்கி இறங்குகின்றது. மூணாற்றின் அருகே அந்நீரைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கொண்டுசென்று, இரும்புக் குழாய்களுக்குள் செலுத்துகின்றனர். அரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும் நீர், மிகுந்த வேகத்தோடு சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகப் பொருத்தப்பட்ட கிண்ணங்களின்மீது பாய்கின்றது. சக்கரம் சுழல, அதனோடு இணைந்த பொறி மின்சாரத்தை உண்டாக்குகின்றது. நீரின் அளவு சிறிதாயினும் விழும் உயரம் பெரிதாயின் மிகுந்த ஆற்றலைப் பெறலாம் என்பதே மலைநாட்டு மின்நிலையங்களின் அடிப்படை. சர் சி. பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூரின் திவானாக இருந்த காலத்தில், 1940ஆம் ஆண்டில் இந்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் இதுவே. பின்னர் விரிவாக்கப்பட்டு, இதன் மொத்தத் திறன் 37.5 மெகாவாட் ஆயிற்று.

வினையை அறிந்துகொண்டோம். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், பள்ளிவாசல் என்பது ஒரு கட்டடமும் சில பொறிகளும் என்று முடித்துவிடுவோம். அடுத்து அதன் இனத்தை நோக்குவோம்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை இம்மலைகளில் கொட்டித் தீர்க்கின்றது. மின்சாரமோ ஆண்டு முழுவதும் வேண்டும். ஆகவே மழைக்காலத்து நீரைக் கோடைக்காகச் சேர்த்துவைக்கக் குண்டளையிலும் மாட்டுப்பட்டியிலும் அணைகள் கட்டப்பட்டன. இன்று சுற்றுலா செல்வோர் அவற்றை அழகிய ஏரிகளாகக் கண்டு மகிழ்கின்றனர். பள்ளிவாசலோடு சேர்த்துக் காணும்போது அவை மின்நிலையத்தின் களஞ்சியங்கள்.

பள்ளிவாசலுக்குக் கீழே ஒரு வியப்பு இருக்கின்றது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் நீரை மின்சாரத்தைச் செலவிட்டு மேலே இறைக்கின்றார்கள். மின்சாரம் தயாரிக்கும் இடத்திலேயே மின்சாரத்தைச் செலவழித்து, விழுந்த நீரை மறுபடி ஏற்றுவதா என்று புதிதாகக் காண்பவர் நகைக்கவும் கூடும். அந்த இறைப்பு நிலையத்தை மட்டும் தனியே எடுத்து வரவு செலவு பார்த்தால் அது வீண் செலவுதான். ஆனால் இறைக்கப்பட்ட நீர் செங்குளம் நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து வெள்ளத்தூவலில் உள்ள மின்நிலையத்துக்கு, ஏறிய உயரத்தைவிடப் பன்மடங்கு உயரத்திலிருந்து இறங்குகின்றது. 1954ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தச் செங்குளம் திட்டத்தால், செலவிட்ட மின்சாரத்தைவிட மிக அதிகமான மின்சாரம் திரும்பக் கிடைக்கின்றது. தனித்து நோக்கும்போது வீணாகத் தோன்றியது, இனத்தோடு நோக்கும்போது சிக்கனமாகின்றது.

அந்த நீரின் பயணம் வெள்ளத்தூவலோடும் முடிவதில்லை. கல்லார்குட்டி அணையில் அது மறுபடியும் தேங்கி, 1961 முதல் நேரியமங்கலம் நிலையத்தில் மின்சாரம் தருகின்றது. முதிரப்புழை பெரியாற்றோடு கலந்த பின்பு, 1997இல் தொடங்கிய கீழ்ப்பெரியாறு திட்டத்துக்கும் அது உதவுகின்றது. இறுதியில் ஆலுவாயில் கொச்சி நகரத்தாரின் குடிநீராகவும் ஆகின்றது. மின்சாரமும் இதே திசையில் சென்றது. ஆலுவாயை அடுத்து 1943இல் அலுமினிய உருக்காலையும், 1947இல் உற்பத்தியைத் தொடங்கிய உரத் தொழிற்சாலையும் எழுந்தமைக்குப் பள்ளிவாசல் மின்சாரம் பெருந்துணையாயிற்று. அலுமினியத்தைப் பிரித்தெடுக்க மிகுதியான மின்சாரம் வேண்டும் என்பதை நேயர்கள் அறிவார்கள். மலைமேல் பெய்த மழை, கடற்கரைச் சமவெளியில் தொழிலாகவும், உரமாகவும், கூலியாகவும் மாறிற்று.

இனி, மூன்றாவதாகிய சார்பு. மின்நிலையம் எதனைச் சார்ந்து நிற்கின்றது?

மூணாற்றைச் சூழ்ந்த உயர்மலைகளின் இயற்கைக் கோலம் புல்வெளியும் சோலையும் கலந்தது. முகடுகளிலும் சரிவுகளிலும் புல். பள்ளங்களில் குள்ளமான மரங்கள் அடர்ந்த சோலைக்காடு. இவ்விரண்டும் சேர்ந்து மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பின்பும் சிறிது சிறிதாக ஓடைகளுக்குத் தருகின்றன. வரையாடுகளைக் காப்பதற்காக 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இரவிகுளத்தில் இந்த நிலக்காட்சியை இன்றும் காணலாம். மற்ற இடங்களில் பெரும்பகுதி தேயிலைக்கு இடம் தந்தது. தேயிலைத் தொழிற்சாலைகளின் உலைக்கு விறகு வேண்டுமென்று யூக்கலிப்டஸ் மரங்களும் பரந்த அளவில் நடப்பட்டன.

மேலே மண் அரித்தால், அம்மண் ஓடைவழியே இறங்கி நீர்த்தேக்கத்தின் அடியில் படியும். படிந்த அளவுக்கு நீர் கொள்ளும் இடம் குறையும். கோடைக்கென்று சேமிக்கும் நீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். ஆகவே, பார்வைக்கு ஒன்றுக்கும் உதவாததுபோல் தோன்றும் அப்புல்வெளி, மின்நிலையத்தின் ஓர் உறுப்பேயாகும். மின்நிலையத்தின் சொத்துப் பட்டியலில் பொறிகளும் குழாய்களும் இடம்பெறும். மலைமுகட்டுப் புல் அங்கே இடம்பெறுவதில்லை.

மலையைச் சார்ந்து மக்கள் இருக்கின்றனர். 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். அதன் பின்பு தோட்டங்கள் பெருகின. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் மூலமாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் மலையேறினர். அந்நாளில் இம்மலை கிழக்கு நோக்கி வாழ்ந்தது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் வரை சிறு இரயில் ஓடிற்று. அங்கிருந்து கம்பிவழித் தொங்குபாதையில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. தேயிலை இறங்கிய அதே பக்கத்திலிருந்துதான் அரிசியும் ஆட்களும் ஏறி வந்தார்கள்.

1924ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பெய்த பெருமழை இந்த உறவையே மாற்றிவிட்டது. மலையாள ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் கேரளத்தார் இதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். மலைச்சரிவுகள் பெயர்ந்தன, மூணாறு நகரம் பாழாயிற்று, இருப்புப்பாதை அழிந்து, மீண்டும் அமைக்கப்படவே இல்லை. ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு வந்த பழைய பாதையும் அழிந்தது. பிற்பாடு நேரியமங்கலம், அடிமாலி, பள்ளிவாசல் வழியாகப் புதிய சாலை அமைந்தது. நாளடைவில் மலை மேற்கு நோக்கித் திரும்பிற்று. இன்று பள்ளிவாசலின் சரிவுகளில் தங்கும் விடுதிகள் நிறைந்திருப்பதற்கும், 1924இன் மழைக்கும் தொடர்பு உண்டு என்றால் கேட்போர் வியக்கலாம். ஆயினும் சாலை வந்த வழியேதான் விடுதிகள் வந்தன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மழையில் அதே பள்ளிவாசலில் மண் சரிந்து பாதை அடைபட்டபோது, சுற்றுலாப் பயணிகள் விடுதியில் சிக்கிக்கொண்டதையும் நாம் கண்டோம்.

உறுப்புக்களை மட்டும் பார்த்து உறவுகளைப் பாராமல் விடுவதால் விளையும் கேட்டுக்கு இத்தாலி நாட்டின் வயோந்த் அணை ஒரு சான்று. 260 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய அவ்வணை, கட்டட நுட்பத்தில் மிகச் சிறந்தது. 1963ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் இரவு, நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்த மலைப்பகுதி ஒன்று அப்படியே நழுவித் தேக்கத்துக்குள் விழுந்தது. எழுந்த பேரலை அணையைத் தாண்டிக் கீழேயிருந்த ஊர்களை அழித்தது. மாண்டவர் ஏறத்தாழ 2,000 பேர். அணைக்கு ஒன்றும் நேரவில்லை. இன்றும் அது நின்றுகொண்டிருக்கின்றது. பிழை அணையில் இல்லை. அணைக்கும் அதனைச் சூழ்ந்த மலைக்கும் இருந்த உறவைச் சரிவர மதிப்பிடாததிலேயே இருந்தது.

அத்தகைய ஓர் இரவு நம் மக்களுக்கும் வந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில், மூணாற்றை அடுத்த இராஜமலைப் பகுதியில் பெட்டிமுடி என்னும் இடத்தில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள்மீது விழுந்தது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் பல அங்கே இருந்தன.

மழை மிகுந்ததால் மலை சரிந்தது என்று ஒரே வரியில் கூறிவிடலாம். அது பொய்யன்று, ஆனால் அது வினையை மட்டுமே கூறுகின்றது. அன்றிரவு நிகழ்ந்தவற்றைத் தொடராக நோக்குவோம். கடும்மழையால் அதற்கு முன்னரே மின்சாரம் அற்றுப்போயிருந்தது. மின்சாரம் இன்மையால் கைப்பேசிக் கோபுரம் செயற்படவில்லை. கோபுரம் செயற்படாமையால் செய்தி உடனே வெளியுலகை எட்டவில்லை. மறுநாட் காலையில்தான் எட்டியது. வழியிலிருந்த பெரியவரைப் பாலம் வெள்ளத்தால் பழுதுபட்டமையால், செய்தி அறிந்தவர்களாலும் விரைந்து செல்ல இயலவில்லை. கேரளத்தில் நீர்மின்சாரம் முதன்முதலாகப் பிறந்த மலைத்தொடரில், ஒரு கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. சரிந்த மண் ஒன்று. அறுந்த இணைப்புக்களோ பல. அவ்விணைப்புக்கள் அறாமல் நின்றிருந்தால், உதவி இரவிலேயே புறப்பட்டிருக்கக்கூடும்.

இன்னுமொரு வினா எஞ்சி நிற்கின்றது. சரிவின் அடியில் மக்கள் ஏன் குடியிருந்தார்கள்? நகரத்தில் இருந்துகொண்டு இவ்வினாவைக் கேட்போர் பலர். அவர்கள் அறியாமையால் இருந்தார்கள் என்று விடை கூறுவது எளிது. உண்மை வேறு. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை உள்ளவரைக்கும்தான் லயத்தில் இடம். ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்தல் வேண்டும். பிள்ளைகளுள் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் வீடு குடும்பத்தில் நிலைக்கும். ஆகையால் வீட்டுக்காக வேலை, வேலைக்காக அந்தச் சரிவு என்று வாழ்க்கை அமைந்துவிட்டது. நான்கு தலைமுறை உழைத்த குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமையே, அவர்களை மலையடியில் கட்டி வைத்த கயிறு. மழையை நம்மால் நிறுத்த இயலாது. நிலத்துக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்க இயலும். அது மனிதர் போட்ட முடிச்சு.

எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையன என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பது பயன் தராது. நூறு தொடர்புகள் இருப்பினும், பாரம் தாங்குபவை சிலவே. பள்ளிவாசலில் நீர் விழும் உயரம் அத்தகையது. மலைமேல் சோலை அத்தகையது. பெட்டிமுடியில் தொலைபேசித் தொடர்பும் பாலமும் வீட்டுரிமையும் அத்தகையன. பாரம் தாங்கும் தொடர்பு எது என்று கண்டுபிடித்து, அதனைக் காப்பதும், அது அறுந்தால் மாற்றாக மற்றொன்றை முன்னரே அமைத்து வைப்பதும் அறிவுடைமையாகும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இச்செய்தி தொலைவில் உள்ளதாகத் தோன்றலாகாது. மும்பையில் தாராவிப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு பெருக்கெடுத்து நகரத்தை மூழ்கடித்தது. பெருமழை ஒரு காரணம். ஆற்றின் போக்கு கட்டடங்களாலும் குப்பையாலும் குறுகியிருந்ததும், கழிமுகத்துச் சதுப்புக் காடுகள் அழிக்கப்பட்டிருந்ததும் ஏனைய காரணங்கள். தாழ்ந்த இடத்தில் ஏழைகள் குடியிருக்க நேர்ந்ததும், பெட்டிமுடியில் போலவே, அவர்கள் விரும்பித் தேர்ந்ததன்று. வேலைக்கு அருகே கிடைத்த இடம் அதுவாக இருந்தது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. வேற்றூருக்குப் போய்ப் பிழைக்கும் மனிதர், அவ்வூர்ப் பதிவேட்டில் ஒரு பெயராகவும் எண்ணாகவும் ஆகிவிடுகின்றார். அவர் ஊரில் அவருக்கிருந்த வயலும், வாய்க்காலும், மாமன் மைத்துனர் உறவும், கோயில் திருவிழாவில் அவருக்கு உரிய பங்கும் அப்பதிவேட்டில் இல்லை. ஆகவே அவரைப் புதிதாகக் காண்பவர் பாதி மனிதரையே காண்கின்றார். இது நமக்கு நேரும்போது வருந்துகிறோம். நமக்கு அடுத்த வீட்டில் வாழும் மராத்தியரையோ, மலையாளியையோ, பீகாரிலிருந்து வந்த கூலியாளையோ நாமும் அவ்வண்ணமே அறைகுறையாகக் கண்டு, அவர்கள் இப்படித்தான் என்று தீர்ப்புக் கூறலாமா? அவர் செய்யும் தொழில் எது, அவர் யாரோடு வாழ்கின்றார், எதனைச் சார்ந்து நிற்கின்றார் என்று கேட்டறிந்த பின்பே ஒருவரைப் பற்றி நாம் கருத்துக் கொள்ளுதல் நன்று.

இம்மூன்று வினாக்களையும் நாம் குடியிருக்கும் தெருவிலும் கேட்டுப் பார்க்கலாம். நம் வீட்டுக் குழாய்க்கு நீர் எந்த ஏரியிலிருந்து வருகின்றது? அந்த ஏரிக்கு நீர் தரும் நிலத்தில் இப்போது என்ன கட்டுகின்றார்கள்? மழைநீர் எந்தக் கால்வாய் வழியே வெளியேறுகின்றது? அக்கால்வாயின் மறுமுனையில் யார் குடியிருக்கின்றார்கள்? மின்சாரம் நின்றால் நம் பகுதியில் வேறு எவையெல்லாம் நிற்கும்? இரவில் ஆபத்து நேர்ந்தால் செய்தியைக் கொண்டுசெல்ல எத்தனை வழிகள் உள்ளன? இவற்றுக்கு விடை காணப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை. அண்டை வீட்டாரோடும், நகராட்சி ஊழியரோடும், அவ்வூரில் நெடுங்காலம் வாழ்ந்த முதியோரோடும், அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை பேசப் பழகினால் போதும். மழைக்காலம் தொடங்குமுன்பே அந்தப் பேச்சைத் தொடங்கிவிடுதல் நலம்.